சும்மா கிடக்கிற நிலம்

மழைக்காலம் முடிந்த ஒரு காலையில், துரைப்பாக்கத்திலிருந்து பல்லாவரம் போகும் 200 அடி சாலையில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்துகிறவர்களைப் பார்க்கலாம். முழங்கால் ஆழத் தண்ணீரில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து இரை தேடிக்கொண்டிருக்கும். கோரைக்கு நடுவே நீலத் தாழைக்கோழி வாலை ஆட்டியபடி நடக்கும். கூழைக்கடாக்கள் வந்து இறங்கும். கைப்பேசியை நீட்டிப் படம் எடுக்கும்போதே காற்று திசை மாறினால், மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்கும். 1980களின் பிற்பகுதியிலிருந்து சென்னை மாநகரம் தன் குப்பையைக் கொண்டுவந்து கொட்டிய பெருங்குடிக் கிடங்கு இதே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில்தான் இருக்கிறது.

பள்ளிக்கரணைக்குப் பழைய பெயர் கழுவெளி. தென்சென்னையின் ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிரம்பி வழியும் தண்ணீர் இங்கே வந்து தங்கும். பிறகு ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேரும். ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கும் மேல் விரிந்து கிடந்த நீர்வெளி இன்று அதில் ஒரு சிறு பகுதியாகச் சுருங்கியிருக்கிறது. 2022ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் அது இடம்பெற்றது. அந்தப் பெருமை வந்து சேர்ந்தபோது, சதுப்பின் ஒரு பகுதி ஏறத்தாழ 200 ஏக்கர் குப்பைக்கு அடியில் கிடந்தது.

இந்த இடத்தை யாரும் ஆய்ந்து தேர்ந்தெடுத்ததாகச் சொல்ல முடியாது. பயிர் ஏறாது, வீடு கட்டினால் நிற்காது, தனியார் பட்டா கிடையாது. ஆகவே அது ‘சும்மா கிடக்கிற நிலம்’. தமிழ்நாட்டின் எந்த ஊருக்குப் போய்க் குப்பைமேட்டின் கதையைக் கேட்டாலும் பெரும்பாலும் இந்த மூன்று சொற்களில்தான் அது தொடங்குகிறது. ஏரிக்கரை, ஆற்றோரம், கைவிட்ட கல்குவாரி, மேய்ச்சல் புறம்போக்கு என்று இடம் மட்டும் மாறும்.

உலகெங்கும் இதே பழக்கம் இருந்திருக்கிறது. நியூயார்க் நகரம் 1948ல் ஸ்டேட்டன் தீவின் உப்புநீர்ச் சதுப்பில் குப்பை கொட்டத் தொடங்கியது. அந்த இடத்தின் பெயர் ஃப்ரெஷ் கில்ஸ். பெயரில் உள்ள ‘கில்’ என்பது டச்சு மொழியிலிருந்து வந்தது, ஓடை என்று பொருள். சதுப்பை மேடாக்க ஒரு சில ஆண்டுகள் கொட்டினால் போதும் என்றுதான் தொடங்கினார்கள். 2001 மார்ச்சில்தான் மூட முடிந்தது. 2,200 ஏக்கரில், குப்பையே குன்றுகளாக எழுந்து நின்றது.

அதே தீவில்தான் இந்தக் கதையின் இன்னொரு இழையும் தொடங்குகிறது. ஸ்காட்லாந்தில் பிறந்து பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய இயன் மெக்ஹார்க் என்ற நிலவடிவமைப்பாளர், 1960களில் ஸ்டேட்டன் தீவை ஆராய்ந்தார். அவர் கையாண்ட முறை பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். கண்ணாடி போன்ற ஒளிபுகும் தாள்களை எடுத்துக்கொண்டார். ஒரு தாளில் வெள்ளம் ஏறும் இடங்களுக்குச் சாயம் பூசினார், இன்னொன்றில் செங்குத்தான சரிவுகளுக்கு, அடுத்ததில் காடுகளுக்கு, அதற்கடுத்ததில் நிலத்தடி நீர் ஊறும் பகுதிகளுக்கு. எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வெளிச்சத்துக்கு முன்னால் பிடித்தால், தொடக்கூடாத இடங்கள் கறுத்துத் தெரியும். எங்கே வெளிச்சம் தடையில்லாமல் வருகிறதோ அங்கே சாலை போடலாம், வீடு கட்டலாம். 1969ல் வெளியான ‘டிசைன் வித் நேச்சர்’ நூலில் அவர் இதை விளக்கினார். அதே காலத்தில் கனடாவில் ரோஜர் டாம்லின்சன் என்பவர், ஒரு முழு நாட்டின் நில விவரங்களைக் கணினிக்குள் ஏற்றும் வேலையில் இறங்கியிருந்தார். இரண்டும் சேர்ந்ததுதான் இன்று ஜி.ஐ.எஸ். என்று அழைக்கப்படும் புவித் தகவல் முறை. தாள்கள் கணினித் திரைக்குள் போய்விட்டன. அடுக்கிப் பார்க்கும் எண்ணம் அப்படியே இருக்கிறது.

தாள்கள் இப்போது இலவசமாகவே கிடைக்கின்றன என்பது பலருக்குத் தெரியாத செய்தி. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பூமியைச் சுற்றி ரேடாரால் அளந்த மேடுபள்ளக் கணக்கு, 30 மீட்டர் நுணுக்கத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 10 மீட்டர் நுணுக்கத்தில் சில நாட்களுக்கு ஒருமுறை படம் அனுப்புகின்றன. இஸ்ரோ 2009ல் தொடங்கிய புவன் தளத்தில் இந்திய நிலப்பயன்பாட்டு வரைபடங்கள் உள்ளன. இவற்றையெல்லாம் அடுக்கிப் பார்க்க உதவும் கியூஜிஐஎஸ் மென்பொருளுக்கும் காசு கிடையாது. ஒரு சாதாரண மடிக்கணினி வைத்திருக்கும் பொறியியல் மாணவி தன் ஊருக்கான ஆய்வைத் தானே செய்துவிடலாம்.

அவள் முதலில் செய்வது கழித்தல்.

2016ல் மத்திய அரசு வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள் சில தூரங்களைத் தெளிவாகச் சொல்லின. ஆற்றிலிருந்து 100 மீட்டர், குளத்திலிருந்து 200 மீட்டர். நெடுஞ்சாலை, குடியிருப்பு, பூங்கா, குடிநீர்க் கிணறு ஒவ்வொன்றிலிருந்தும் 200 மீட்டர். கடந்த நூறு ஆண்டுகளில் வெள்ளம் பாய்ந்ததாகப் பதிவான சமவெளி கூடாது. ஈரநிலம் கூடாது, கடலோர ஒழுங்குமுறை மண்டலம் கூடாது. விமான நிலையத்திலிருந்து 20 கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். தனி அனுமதி பெற்றால் 10 கிலோமீட்டர் வரை நெருங்கலாம். குப்பைக்குப் பருந்து வரும், பருந்து விமான இயந்திரத்துக்குள் போகும் என்பதால் இந்தக் கட்டுப்பாடு.

ஒவ்வொரு விதிக்கும் ஒரு சிவப்பு வளையம். ஆற்றின் இருபுறமும் பட்டையாக ஓடும், கிணற்றைச் சுற்றி வட்டமாக நிற்கும். மீனம்பாக்கம் விமான நிலையத்தை மையமாக வைத்து 20 கிலோமீட்டர் வட்டம் ஒன்றைத் திரையில் போட்டால், அது 1,250 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல் விழுங்கிவிடுகிறது. சென்னை மாநகராட்சியின் மொத்தப் பரப்பே 426 சதுர கிலோமீட்டர்தான். பெருங்குடிக் கிடங்கோ, நேர்கோட்டில் அளந்தால் விமான நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. ஈரநிலம் என்ற தாளிலும் அது சிவப்பு, வெள்ளத் தாளிலும் சிவப்பு. இந்த விதிகள் எழுதப்படும் முன்பே அங்கே குப்பை கொட்டத் தொடங்கிவிட்டார்கள் என்பது உண்மை. ஆனால் தண்ணீர் எங்கே வந்து நிற்கிறது என்பதை அறிய விதிப்புத்தகம் தேவைப்பட்டிருக்காது. அந்த ஊர்க்காரர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த விஷயம் அது.

கழித்தது போக எஞ்சியதில் எது சிறந்தது? இங்கேதான் வேலை நுணுக்கமாகிறது. மாவட்டத்தைக் கணினி சின்னச் சின்னச் சதுரங்களாக நறுக்குகிறது. சதுரத்தின் ஒரு பக்கம் 30 மீட்டர் என்றால் பரப்பு 900 சதுர மீட்டர், நம் கணக்கில் ஏறத்தாழ 22 சென்ட். 4,000 சதுர கிலோமீட்டர் கொண்ட ஒரு மாவட்டத்தில் இப்படி 44 லட்சம் சதுரங்கள் வரும். ஒவ்வொரு சதுரத்துக்கும் மதிப்பெண் போட வேண்டும். மண் களியா, மணலா? நிலத்தடி நீர் எத்தனை ஆழத்தில் நிற்கிறது? சரிவு எவ்வளவு? அடியில் பாறை வெடித்திருக்கிறதா? குப்பை லாரி வர வழி உண்டா, ஊரிலிருந்து எத்தனை கிலோமீட்டர்?

இந்தக் கேள்விகள் ஒன்றோடொன்று முரண்டு பிடிக்கும். ஊருக்குப் பக்கத்தில் இருந்தால் டீசல் செலவு குறையும், நாற்றம் வீட்டுக்குள் வரும். கரிசல் மண்ணில் தண்ணீர் எளிதில் இறங்காது, ஆனால் அது பருத்தியும் சோளமும் விளைகிற மண், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கவும் செய்யும். கடலோர மணல் பரப்பு வெறுமையாகக் கிடக்கும், ஆனால் ஊற்றிய தண்ணீர் ஒரு நொடியில் உள்ளே போய்விடும். தமிழ்நாட்டின் உட்பகுதியில் பெரும்பாலும் கடினப் பாறை. அதன் வெடிப்புகள் வழியாகத்தான் கிணறுகளுக்கு ஊற்று வருகிறது. குப்பைக் கசிவு அந்த வெடிப்பில் இறங்கினால், எந்தத் திசையில் எந்தக் கிணற்றில் போய் எட்டிப் பார்க்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. செயற்கைக்கோள் படத்தில் இப்படிப்பட்ட வெடிப்புகள் நேர்கோடுகளாகத் தெரியும். அவற்றை வரைந்து ஒரு தனித் தாளாக்குவது கடினப்பாறைப் பகுதிகளில் தவிர்க்கக் கூடாத வேலை.

எதற்கு எவ்வளவு எடை கொடுப்பது? வாடகை வீடு தேடி அலைந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் தெரியும். தண்ணீர் வசதி முக்கியமா, வாடகை முக்கியமா? வாடகையா, பஸ் ஸ்டாப்பா? பஸ் ஸ்டாப்பா, பிள்ளைகளின் பள்ளியா? எல்லாவற்றையும் மொத்தமாக எடைபோட மனம் திணறும். இரண்டிரண்டாகக் கேட்டால் பதில் வந்துவிடும். 1970களில் தாமஸ் சாட்டி என்ற கணித அறிஞர் இதையே ஒரு முறையாக வகுத்தார். இரண்டும் சமம் என்றால் 1, ஒன்று மற்றதைவிட மிக மிக முக்கியம் என்றால் 9, இடைப்பட்டவற்றுக்கு இடைப்பட்ட எண். அத்தனை சோடிகளையும் ஒப்பிட்டு முடித்ததும் கணக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு எடையைக் கொடுக்கும். வாடகையைவிடத் தண்ணீர் முக்கியம், தண்ணீரைவிடப் பள்ளி முக்கியம், பள்ளியைவிட வாடகை முக்கியம் என்று சொல்லிவிட்டால், பேச்சில் முரண் இருக்கிறது, திரும்ப யோசியுங்கள் என்றும் அது எச்சரிக்கும். குப்பைக் கிடங்கு இடத்தேர்வு பற்றி உலகெங்கும் வரும் ஆய்வுக் கட்டுரைகளில் மிகப் பல இந்த முறையைத்தான் கையாள்கின்றன.

ஆனால் அந்த ஒப்பீட்டைச் சொல்ல மேசையைச் சுற்றி யார் உட்கார்ந்தார்கள் என்பதைக் கேட்டே ஆக வேண்டும். லாரிக்கு டீசல் போடுகிறவர் தரும் எடை வேறு. கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறவர் தரும் எடை வேறு. கணினி இருவரையும் ஒன்றுபோல நம்பும்.

அதைவிடப் பெரிய ஆபத்து, தாளில் ஏறாமலே போகும் விஷயங்களில் இருக்கிறது.

நம் ஏரிகளையே எடுத்துக்கொள்வோம். வானம் பார்த்த ஏரிகள், ஆண்டில் பாதி நாள் வறண்டு கிடப்பவை. மே மாதம் எடுத்த செயற்கைக்கோள் படத்தில் அப்படி ஓர் ஏரி, வேலிக்கருவை மண்டிய வெறும் தரையாகவே தெரியும். அதே இடம் டிசம்பரில் நீலம். எந்த மாதத்துப் படத்தை எடுத்தார்கள் என்ற ஒரே ஒரு முடிவு, ஓர் ஏரியைக் குப்பைமேடாக்கிவிடும். இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம், 1984 முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் எடுத்த லட்சக்கணக்கான படங்களை அலசி, உலகின் எந்த இடத்தில் எந்தெந்தக் காலத்தில் தண்ணீர் நின்றது என்ற வரைபடத்தை 2016ல் வெளியிட்டது. அதைத் திறந்து பார்க்கச் சில நிமிடங்கள் போதும். பார்க்காமல் விடுவதற்கு எந்தச் சாக்கும் ஏற்கத்தக்கதல்ல.

அடுத்தது ‘தரிசு’ என்ற சொல். வருவாய்ப் பதிவேட்டில் அந்தச் சொல் இருந்தால் நிலப்பயன்பாட்டுத் தாளில் அது தரிசுதான், மதிப்பெண் தாராளமாக விழும். அங்கே ஆடு மேய்கிறது, மழை பெய்தால் காளான் பறிக்கிறார்கள், பக்கத்தில் சுடுகாடு இருக்கிறது, ஆடி மாதம் கிடாவெட்டும் சாமி ஒரு வேம்படியில் இருக்கிறது என்பதையெல்லாம் 30 மீட்டர் சதுரத்தால் பார்க்க முடியாது.

மனிதர்களை வரைபடத்தில் ஏற்றினால் என்ன தெரியவரும் என்பதற்கு, கணினி வரைபடங்கள் பரவாத காலத்துச் சான்று ஒன்று உண்டு. 1979ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் நார்த்வுட் மேனர் என்ற கறுப்பின மக்களின் குடியிருப்பை ஒட்டிக் குப்பைக் கிடங்கு வருவதாக இருந்தது. எதிர்த்து வழக்குத் தொடுத்தவர் லிண்டா மெக்கீவர் புல்லார்ட் என்ற வழக்கறிஞர். அவருடைய கணவர் ராபர்ட் புல்லார்ட் சமூகவியலாளர். அந்த நகரில் அதுவரை எங்கெல்லாம் குப்பை கொட்டினார்கள் என்பதை, மாணவர்களோடு சேர்ந்து பழைய ஆவணங்களைத் துருவி அவர் தேடினார். நகராட்சிக்குச் சொந்தமான கிடங்குகள் ஐந்து. ஐந்தும் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில் இருந்தன. நகர மக்கள்தொகையில் அவர்கள் கால்வாசிப் பேர்தான். வழக்கு தோற்றது. ஆனாலும் சுற்றுச்சூழல் நீதி என்று இன்று உலகம் பேசும் துறைக்கு அந்த ஆய்வு அடித்தளமானது. எங்கே கொட்டலாம் என்று தேடும் கருவியால், யார் தலையில் கொட்டினார்கள் என்றும் கேட்க முடியும் என்பதை அது காட்டிக்கொடுத்தது.

கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்லயில் நடந்ததைத் தமிழ் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாள். வீடுகளில் விருந்து நடந்துகொண்டிருந்த பிற்பகலில் குப்பைமலை சரிந்தது. 30 பேருக்கு மேல் மண்ணோடும் குப்பையோடும் புதைந்து இறந்தார்கள். முன்பு வயலும் சதுப்புமாக இருந்த இளகிய நிலத்தின் மேல், பாரம் ஏற ஏற அடிமண் தாங்கவில்லை. பிறகு கொழும்பின் குப்பையைப் புத்தளம் மாவட்டத்தில் அருவக்காட்டின் பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கப் பகுதிக்கு ரயிலில் அனுப்பத் திட்டமிட்டபோது, புத்தளம் மக்கள் வீதியில் இறங்கினார்கள். தலைநகரின் கழிவுக்கு நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள எங்கள் ஊரா என்று அவர்கள் கேட்டது எந்த எடைக் கணக்கிலும் இல்லாத கேள்வி. கேட்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு.

எத்தனை நல்ல இடமாக இருந்தாலும் அப்படியே கொட்டிவிட முடியாது. அடியில் 90 சென்டிமீட்டர் இறுகிய களிமண், அதன் மேல் 1.5 மில்லிமீட்டர் கனத்தில் பிளாஸ்டிக் விரிப்பு, கசிவுநீரை இறைத்துச் சுத்திகரிக்கும் ஏற்பாடு எல்லாம் வேண்டும் என்று விதி சொன்னது. அடித்தளத்துக்கும் நிலத்தடி நீருக்கும் நடுவே குறைந்தது 2 மீட்டர் இருக்க வேண்டும். கிடங்கு நிரம்பி மூடிய பிறகும் 15 ஆண்டு கண்காணிக்க வேண்டும்.

இடம் எவ்வளவு தேவை என்ற கணக்கைப் போட்டுப் பார்த்தால் இன்னொன்று புரியும். நாளொன்றுக்கு 100 டன் குப்பை சேரும் ஒரு நகரம். கிடங்கு 25 ஆண்டு தாங்க வேண்டும். எல்லாக் குப்பையையும் பிரிக்காமல் கொட்டினால் மொத்தம் 9 லட்சம் டன்னைத் தாண்டும். ஒரு கன மீட்டரில் 850 கிலோ அடங்கும், 10 மீட்டர் உயரத்துக்கு நிரப்பலாம் என்று வைத்துக்கொண்டால், பக்கச் சரிவை விட்டுவிட்டாலும் 26 ஏக்கருக்கு மேல் வேண்டும். மக்கும் குப்பை உரமாகி, பிளாஸ்டிக்கும் காகிதமும் பழைய இரும்புக்காரரிடம் போய், ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே கிடங்குக்கு வந்தால் 5 ஏக்கர் சொச்சம். எல்லா விதிகளுக்கும் தப்பிய 26 ஏக்கர் ஒரே துண்டாக வரைபடத்தில் கிடைப்பது அரிது. 5 ஏக்கர் தேடினால் நான்கைந்து இடங்களாவது, தகுதியானவை என்று, மஞ்சளாக மின்னும். அடுப்படியில் வெங்காயத் தோலையும் பால் கவரையும் தனித்தனியாகப் போடுகிற அம்மாவின் கை, அந்த வரைபடத்தின் நிறத்தை மாற்றுகிறது.

மின்னிய இடங்களுக்கு நேரில் போய்ப் பார்ப்பது கடைசி வேலை. பலர் அவசரத்தில் விட்டுவிடுவதும் அதைத்தான். புல எண்ணும் புல வரைபடமும் கையில் இருக்க, ஜி.பி.எஸ். போட்ட கைப்பேசியோடு போய் நிற்க வேண்டும். குழி தோண்டி மண்ணைப் பிசைந்து பார்க்க வேண்டும். ஆழ்துளை போட்டு நீர்மட்டம் அளக்க வேண்டும், அதுவும் கோடையில் ஒருமுறை, ஐப்பசி கார்த்திகையில் ஒருமுறை. எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே திரிகிறவர்களிடம் பேச வேண்டும்.

“இந்தப் பக்கம் கிணறு எதுவும் உண்டாங்கய்யா?” என்று ஆடு மேய்க்கும் பெரியவரிடம் கேட்டால், அவர் கம்பை நீட்டுகிற திசையில், கருவை மரங்களுக்கு அந்தண்டை, பதிவேட்டில் ஏறாத ஒரு பழைய கிணறு இருக்கும். கைப்பிடிச்சுவர் இடிந்திருக்கும், உள்ளே தண்ணீர் இருக்கும். கோடையில் குழாய் வறண்டால் நாலு வீட்டுப் பெண்கள் குடத்தோடு இங்கேதான் வருவார்கள். கிணற்று ஓரத்தில் நின்று கைப்பேசியில் ஒரு புள்ளி வைத்து, அறைக்குத் திரும்பி அந்தப் புள்ளியைச் சுற்றி 200 மீட்டர் வளையம் போட்டால், திரையில் 31 ஏக்கர் மஞ்சளிலிருந்து சிவப்பாகிறது.